கார்பன் பட்டை ஒட்டினால் பீமுக்கு எவ்வளவு பலம் கூடும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாடிக் கட்டடம், வயது முப்பதுக்கு மேல். மேல்தளம் இதுவரை அலுவலகமாக இருந்தது. இனி அங்கே நூலகம் வரப்போகிறது. பீம்களின் அடியில், நடுப்பகுதியில், மெல்லிய விரிசல்கள் சில தெரிகின்றன. வேலை எடுக்க வந்தவர், "கார்பன் ஃபைபர் பட்டை ஒட்டினால் போதும், கம்பியைவிட ஆறேழு மடங்கு பலம், இரண்டு அடுக்கு ஒட்டினால் பீமின் பலம் இரட்டிப்பாகிவிடும்" என்கிறார். நம்பி இறங்கலாமா?

முறை நம்பத்தகுந்ததுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பாலங்களிலும் கட்டடங்களிலும் நின்று காட்டியிருக்கிறது. ஆனால் இரட்டிப்பு என்ற பேச்சு தவறு. எங்கே தவறு என்று புரிந்துகொண்டால், உங்கள் பீமுக்கு இது பொருந்துமா என்பதை நீங்களே கேட்டு அறிந்துகொள்ள முடியும். கூடவே, வரப்போவது நூலகம் என்பதால் ஒரு தனி விதி குறுக்கே வருகிறது. அதையும் கணக்கோடு சொல்கிறேன்.

பீம் சுமை தாங்கும்போது கீழ்நோக்கி வளைகிறது. மேல்பகுதி நசுங்கப் பார்க்கிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. கான்கிரீட் நசுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையில் சட்டென்று விரிந்துவிடும். அதனால்தான் அடியில் கம்பி போடுகிறோம். அந்தக் கம்பிகள் போதாது என்று பின்னால் தெரியவந்தால், பீமைக் கொத்தி உள்ளே புதுக் கம்பி வைப்பது பெரும்பாடு. அதற்குப் பதில், அடிப்பரப்பின் வெளியே, இழுவை மிக அதிகமாக இருக்கும் இடத்தில், எபாக்ஸி பசையால் ஒரு பட்டையை ஒட்டிவிடுகிறோம். அது வெளியே கிடக்கும் கூடுதல் கம்பி மாதிரி வேலை செய்கிறது. அடிப்படை அவ்வளவுதான்.

இந்த யோசனை கார்பனோடு பிறந்ததல்ல. 1960களிலேயே பிரான்சிலும் தென்னாப்பிரிக்காவிலும் எஃகுத் தகடுகளை எபாக்ஸியால் பீமின் அடியில் ஒட்டிப் பார்த்தார்கள். வேலை செய்தது. ஆனால் தகடு கனமானது. தூக்கிப் பிடிக்கச் சாரமும் முட்டுகளும் வேண்டும். பசைக்கும் தகட்டுக்கும் இடையே ஈரம் புகுந்தால் வெளியில் தெரியாமல் துருப்பிடிக்கும். 1980களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகத்தில் உர்ஸ் மையரும் அவருடைய குழுவினரும் எஃகுக்குப் பதில் கார்பன் இழைப் பட்டைகளை ஒட்டிச் சோதித்தார்கள். 1991இல் லூசெர்ன் நகருக்கு அருகில் உள்ள ஈபாக் பாலத்தில் அது நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்து விளக்கு பொருத்தத் துளையிட்டபோது கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க இழுத்துவைத்திருந்த முன்னிறுக்கக் கம்பி வடம் ஒன்று சேதமாகியிருந்தது. அதைச் சரிசெய்ய எஃகுத் தகடு என்றால் 175 கிலோ வேண்டியிருக்கும்; கார்பன் பட்டை மொத்தம் 6.2 கிலோதான் ஆனது. ஒரு ஆள் கையில் எடுத்துப்போகும் எடை! இந்த ஒப்பீடு துறை முழுக்கப் பரவியதற்குக் காரணம் இருக்கிறது: இந்த முறையின் பெரிய லாபம் கையாளும் வசதி. 1995இல் கோபே பூகம்பத்துக்குப் பிறகு ஜப்பானில் தூண்களுக்குத் துணி போலச் சுற்றும் வேலை பெருமளவில் நடந்தது. அதன்பின் உலகமெங்கும் விதிமுறைகள் வந்தன. அமெரிக்க கான்கிரீட் கழகத்தின் ஏ.சி.ஐ. 440.2ஆர் வழிகாட்டி முதலில் 2002இல் வெளியானது. பல நாடுகளில் இன்று அதைத்தான் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். நான் கீழே சொல்லும் எண்களும் பெரும்பாலும் அதன்படிதான்.

பொருள் வகைகளைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். கார்பன், கண்ணாடி இழை, அராமிட் என மூன்று உண்டு. பீமுக்கு வளைவில் பலம் கூட்ட கார்பனே பொருத்தம், ஏனென்றால் அதன் விறைப்பு, அதாவது இழுத்தால் எளிதில் நீளாத தன்மை, எஃகுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண்ணாடி இழை மூன்றில் ஒரு பங்கு விறைப்புக்கூட இல்லாதது; அதோடு நீடித்த சுமையில் அது தன் பலத்தில் 20 சதவீதத்தைத் தாண்டி உழைக்கக் கூடாது என்று விதி கட்டுகிறது. கார்பனுக்கு அந்த எல்லை 55 சதவீதம். அப்புறம் வடிவம்: தொழிற்சாலையிலேயே இறுகிய 1.2 அல்லது 1.4 மி.மீ. தடிமன் பட்டை ஒன்று; வேலையிடத்தில் எபாக்ஸியில் நனைத்து ஒட்டும் துணி இன்னொன்று. நேரான பீம் அடிக்குப் பட்டை, மூலை திரும்பிச் சுற்ற வேண்டிய இடத்துக்குத் துணி.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒரு வழக்கமான கார்பன் பட்டையின் விவரத்தாளைப் பாருங்கள்: இழுவைப் பலம் சுமார் 2800 மெகாபாஸ்கல், விறைப்பு 165 ஜிகாபாஸ்கல், அறும் நேரத்தில் நீட்சி சுமார் 1.7 சதவீதம். சாதாரணக் கம்பியின் 415 மெகாபாஸ்கலோடு ஒப்பிட்டால் ஆறேழு மடங்கு என்று அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்தப் பலம் பீமுக்குள் எப்படிப் போய்ச் சேரும்? கம்பியைச் சுற்றிலும் கான்கிரீட் கவ்விப் பிடித்திருக்கிறது. பட்டைக்கு அப்படி இல்லை. ஒரே ஒரு முகத்தில் பசை. அந்தப் பசைக்கு மேலே சில மில்லிமீட்டர் கான்கிரீட் தோல். பட்டையில் ஏறும் இழுவை முழுவதும் அந்தத் தோல் வழியாகத்தான் பீமுக்குப் போகிறது. எபாக்ஸி தோற்பது அபூர்வம்; பட்டை அறுவதும் அபூர்வம். பசைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் கான்கிரீட்தான் கிழிகிறது. சோதனைக் கூடத்தில் உரிந்து விழுந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தால், அதன் முதுகில் கான்கிரீட் மாவும் சிறு கற்களும் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும். பசை விடவே இல்லை, பீமின் தோலையே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறது.

அப்படியானால் ஒட்டும் நீளத்தைக் கூட்டினால் பிடி கூடாதா என்று தோன்றும். கூடாது. விசையைக் கடத்த உதவும் நீளத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது. மேலே சொன்ன பட்டைக்கும் நடுத்தர கான்கிரீட்டுக்கும் அது சுமார் 200 மி.மீ. அதற்கு மேல் எத்தனை மீட்டர் ஒட்டினாலும் ஒரு விரிசலின் ஓரத்தில் பட்டை தாங்கும் உச்ச விசை ஏறாது. உரிதல் தொடங்கிவிட்டால் அது ஜிப் திறப்பது போல ஓடிக்கொண்டே போகும்.

எனவே விதிமுறை பட்டை அறும் நீட்சியைக் கணக்கில் எடுப்பதில்லை, உரியும் நீட்சியைத்தான் எடுக்கிறது. அதற்கான சூத்திரம் எளிது: கான்கிரீட் பலத்தை, பட்டையின் விறைப்பையும் தடிமனையும் பெருக்கிய தொகையால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.41ஆல் பெருக்க வேண்டும். ஒரு உதாரணம் போட்டுக் காட்டுகிறேன். பீம் 300 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம். அடியில் மூன்று 20 மி.மீ. கம்பிகள். கான்கிரீட் பலம், உருளைச் சோதனையில், 20 மெகாபாஸ்கல். அடியில் 100 மி.மீ. அகலம், 1.2 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பட்டை ஒட்டுகிறோம். உரியும் நீட்சி 0.41 சதவீதம் வருகிறது. அறும் நீட்சியில் கால்வாசிதான்! அந்த நிலையில் பட்டையில் இருக்கும் இழுவை 680 மெகாபாஸ்கல், மொத்த விசை சுமார் 82 கிலோநியூட்டன்.

82 கிலோநியூட்டன் என்பது என்ன? ஒரே ஒரு 16 மி.மீ. கம்பி கொடுக்கும் விசை. விவரத்தாளின் 2800ஐ அப்படியே எடுத்துப் பெருக்கினால் 336 கிலோநியூட்டன், அதாவது நான்கு கம்பிகள் என்று வரும். நான்கு என்று சொல்லி விற்கப்படுவது உண்மையில் ஒன்று. பீமின் வளைவுத் திறனில் பார்த்தால், ஏற்கெனவே சுமார் 160 கிலோநியூட்டன்-மீட்டர் இருந்தது, பட்டையின் பங்குக்கு விதி சொல்லும் 0.85 குறைப்பையும் போட்டபின் சுமார் 190க்கு வருகிறது. பதினெட்டு சதவீதம் போலக் கூடுகிறது. இது சின்ன விஷயமல்ல, சரியான இடத்தில் ஒரு கட்டடத்தையே காப்பாற்றும். ஆனால் இரட்டிப்பு அல்ல.

சரி, இரண்டு அடுக்கு ஒட்டினால்? தடிமன் வர்க்கமூலத்துக்குள் இருப்பதைக் கவனியுங்கள். தடிமன் இரண்டு மடங்கானால் உரியும் நீட்சி குறைகிறது. மொத்த விசை 1.4 மடங்குதான் ஆகிறது. இரண்டாவது அடுக்குக்கு முழுக் காசு கொடுத்து நாற்பது சதவீதப் பலனை வாங்குகிறோம். அதே இரண்டாவது பட்டையை முதல் பட்டைக்குப் பக்கத்தில், இடம் விட்டு ஒட்டினால், புதிதாக இன்னொரு 100 மி.மீ. கான்கிரீட் தோல் வேலைக்கு வருகிறது. விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. அடுக்கிக் கனமாக்குவதைவிடப் பரப்பி மெல்லியதாக ஒட்டுவதே எப்போதும் மேல். உங்களிடம் இரண்டு அடுக்கு என்று சொன்னவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பீமின் அகலத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்ட இடம் இருக்கும்போது ஏன் மேலே மேலே ஒட்டுகிறீர்கள்?

உரிதல் இரண்டு இடங்களில் தொடங்கும். ஒன்று, நடுப்பகுதியில் விரிசல் வாயிலிருந்து. இன்னொன்று, பட்டை முடியும் முனையில். முனையில் நடப்பது இன்னும் மோசம்: அங்கே கான்கிரீட் கவர் முழுவதும், அடிக் கம்பி மட்டம்வரை, பட்டையோடு சேர்ந்து ஒரு பலகை போலப் பெயர்ந்து விழும். முன்னறிவிப்பே இருக்காது. அதனால் பட்டையை நடுவில் மட்டும் ஒட்டி நிறுத்தாமல், வளைவு குறையும் இடம்வரை, தூணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முடிக்க வேண்டும். முனைகளில் பீமின் அடியையும் இரண்டு பக்கங்களையும் பிடித்தாற்போல 'யு' வடிவத்தில் துணி சுற்றி இறுக்க வேண்டும். செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது இந்த யு சுற்றுதான். அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பீம் வளைந்து தோற்பது மெதுவாக நடக்கும். கம்பி நீளும், விரிசல் வாய் திறக்கும், தொய்வு கண்ணுக்குத் தெரியும், ஆட்கள் வெளியேற நேரம் இருக்கும். தூணுக்கு அருகே சாய்வாக வெடித்துப் போகும் ஷியர் முறிவு அப்படி இல்லை, திடீரென்று நடக்கும். வளைவில் மட்டும் பலம் கூட்டிவிட்டுக் கூடுதல் சுமையை ஏற்றினால், மெதுவாகத் தோற்க வேண்டிய பீமைத் திடீரென்று தோற்கும் பீமாக மாற்றிவிடுகிறோம். பழைய பீம்களில் இந்த முறிவைத் தடுக்கும் ரிங் கம்பிகள், அதாவது நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள், பெரும்பாலும் தாராளமாக இருக்காது. ஆகவே ஷியர் கணக்கு கூடவே வர வேண்டும். போதாவிட்டால் பக்கவாட்டில் யு வடிவத் துணிப் பட்டைகள் ஒட்டலாம். மேலே ஸ்லாப் இருப்பதால் பீமை முழுதாகச் சுற்ற முடியாது; யு துணியின் மேல் முனை உரியவே பார்க்கும். அதனால் அங்கே நீட்சி 0.4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. பெரும்பாலும் கணக்கில் அதைவிடக் குறைவாகவே வரும். துணி திரும்பும் மூலைகளை 13 மி.மீ. ஆரத்துக்காவது உருட்டி இழைக்க வேண்டும். கூர்மையான மூலையில் கார்பன் இழை ஒடிந்துவிடும்.

தொடர் பீமாக இருந்தால் தூணுக்கு மேலே இழுவை மேல்பக்கம் வரும். அங்கே தளத்தின் மேலிருந்து, தூணின் இருபுறமும் பட்டை ஒட்ட வேண்டும். அடியில் மட்டும் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும் திட்டங்களில் இது விடுபட்டிருக்கும்.

இந்த முறை சரிசெய்யாத விஷயங்களையும் சொல்ல வேண்டும். பீம் தொய்ந்திருந்தால் பட்டை அதை நிமிர்த்தாது. மேலே சொன்ன உதாரணத்தில் பட்டையின் விறைப்பைக் கம்பியின் கணக்கில் மாற்றினால் சுமார் 99 சதுர மி.மீ.; ஒரு 12 மி.மீ. கம்பிக்குக்கூட இணையில்லை. மூன்று 20 மி.மீ. கம்பிகள் 942 சதுர மி.மீ. இருக்கும் இடத்தில் இது எவ்வளவு மாற்றிவிடும்? நடக்கும்போது தளம் அதிர்கிறது, கதவு பிடிக்கிறது என்பதுதான் உங்கள் குறை என்றால் இது மருந்தல்ல. அதேபோல, ஒட்டும் நேரத்தில் பீம் சுமந்துகொண்டிருக்கும் சுமையில் பட்டைக்குப் பங்கில்லை. அதற்குப் பிறகு ஏறும் சுமையைத்தான் பகிரும். முடிந்தவரை தளத்தைக் காலி செய்துவிட்டு, முட்டுக் கொடுத்து லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒட்டினால் அந்த அளவுக்கு லாபம்.

ஒட்டுவதற்கு முன் பீம் அதற்குத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடுப்பகுதியில், அடியிலிருந்து செங்குத்தாக மேலேறும், மயிரிழை விரிசல்கள் எந்த கான்கிரீட் பீமிலும் சகஜம். கம்பி வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். 0.3 மி.மீ.க்கு மேல் அகலம் இருந்தால் முதலில் எபாக்ஸி ஊசிபோட்டு அடைக்க வேண்டும். தூண் பக்கம் சாய்வாக ஓடினால் அது ஷியர், உடனே கவனிக்க வேண்டியது. அடிக் கம்பியின் ஓட்டத்திலேயே நீளவாக்கில் விரிசல் ஓடி, பழுப்புக் கறையும் இருந்தால், உள்ளே துரு. இந்த மூன்றாவது வகையின் மேல் பட்டை ஒட்டுவது பெருந்தவறு. துரு கம்பியைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டு கவரைத் தள்ளும். எந்தத் தோலின் பிடியை நம்பிப் பட்டை ஒட்டுகிறோமோ, அந்தத் தோலே பின்னாலிருந்து தள்ளப்பட்டுக்கொண்டிருக்கும். கார்பன் உறை ஈரத்தையும் உள்ளே அடைத்துவைக்கும்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பீமின் ஓரத்தில் ஒரு சில்லைப் புதிதாக உடைத்து, அந்த முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்துப் பாருங்கள். நல்ல கான்கிரீட் சட்டென்று அடர் இளஞ்சிவப்பாக மாறும். வெளிப்புறத்தில் நிறம் மாறாமல் சாம்பலாகவே நிற்கும் பட்டை எவ்வளவு ஆழமோ, அவ்வளவு ஆழத்துக்குக் கான்கிரீட் தன் காரத்தன்மையை இழந்துவிட்டது. அந்தச் சாம்பல் பட்டை கம்பி மட்டத்தைத் தொட்டிருந்தால் கம்பிக்குப் பாதுகாப்பு போய்விட்டது. முதலில் கெட்ட கவரை நீக்கி, கம்பியைப் பளபளப்பாகும்வரை சுத்தம் செய்து, பழுதுநீக்கக் கலவை போட்டு அது இறுகிய பிறகுதான் ஒட்டும் பேச்சு. கான்கிரீட் பலம் 17 மெகாபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் வளைவுக்கும் ஷியருக்கும் இந்த முறையைப் பயன்படுத்தக் கூடாது.

வேலையிடத்தில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் கணக்கெல்லாம் சரியாக இருந்து இங்கே கெட்டுப்போன வேலைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஒரு கட்டடத்தில், ஒட்டி ஓராண்டுகூட ஆகாத பட்டையின் ஒரு முனை தொங்குகிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தேன். நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் பாதி நீளத்துக்கு டொக்கு டொக்கென்று காலியான சத்தம். முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன், கையோடு வந்தது. பட்டையின் முதுகில் கான்கிரீட் இல்லை, வெள்ளைச் சுண்ணாம்பும் சிமெண்ட் பூச்சும் ஒரு விரல்கடை கனத்துக்கு ஒட்டியிருந்தன. பூச்சைக் கொத்தி எடுக்காமல் அதன் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். அருமையான பட்டை, அருமையான எபாக்ஸி, மிகச் சரியான கணக்கு. எல்லாமே சுவர்ப்பூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அறையில் தினமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்று நினைக்கும்போது இன்றும் மனம் பதறுகிறது.

ஆகவே பூச்சு, வர்ணம், சிமெண்ட் பால் படலம் எல்லாம் போய், உள்ளே இருக்கும் சிறு ஜல்லிகள் முகம் காட்டும்வரை கிரைண்டரில் தேய்க்க வேண்டும். பலகை இணைப்பின் மேடு 1 மி.மீ.க்கு மேல் நிற்கக் கூடாது. பள்ளங்களைப் புட்டியால் நிரப்ப வேண்டும். தூசியை ஊதினால் போதாது, உறிஞ்சி எடுக்க வேண்டும். பரப்பு உலர்ந்திருக்க வேண்டும். பரப்பின் வெப்பநிலை பனி படியும் நிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒன்று பசைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உட்கார்ந்துவிடும். பட்டையின் ஒட்டும் முகத்தைக் கரைப்பானில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். துணியில் கருப்பு வருவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பசையைப் பட்டையின் நடுவில் கூடுதலாகவும் ஓரங்களில் குறைவாகவும், கூரை முகடு போலத் தடவுவார்கள். அப்போதுதான் ரோலரால் அழுத்தும்போது காற்று ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறும். இரண்டு ஓரத்திலும் பசை சீராகப் பிதுங்கி வந்தால் உள்ளே நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். எபாக்ஸியை வாளி நிறையக் கலக்கக் கூடாது. மொத்தமாக இருந்தால் தானே சூடேறி, நீங்கள் தடவி முடிப்பதற்குள் வாளியிலேயே கல்லாகிவிடும். இறுகத் தொடங்கிய பசையைத் தேய்த்து ஒப்பேற்றும் ஆசை அந்த நேரத்தில்தான் வரும்.

ஒட்டிய பிறகு சோதனை. பசை நன்றாக இறுகியபின் முழு நீளத்தையும் தட்டிப் பார்க்க வேண்டும். தனித்தனியாக 1300 சதுர மி.மீ.க்கும் குறைவான காலி இடங்கள், அதாவது தீப்பெட்டி முகத்தைவிடச் சின்னவை, மொத்தப் பரப்பில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 16,000 சதுர மி.மீ.யைத் தாண்டினால், கிட்டத்தட்ட விரல்களோடு சேர்த்து ஒரு முழுக் கை அளவு, வெட்டி எடுத்து மேல்படியாகப் புதிதாக ஒட்ட வேண்டும். இழுப்புச் சோதனையும் கேளுங்கள்: 50 மி.மீ. விட்டமுள்ள உலோக வில்லையை ஒட்டி, சுற்றி வெட்டிவிட்டு, நேராக இழுப்பார்கள். 1.4 மெகாபாஸ்கலாவது தாங்க வேண்டும். அந்த வில்லைக்கு அது சுமார் 280 கிலோ இழுப்பு. எண்ணைவிட முக்கியம், பிய்ந்து வந்த வில்லையின் முகம். அதில் கான்கிரீட் துண்டு இருக்க வேண்டும். பளபளவென்று வெறும் பசை தெரிந்தால் எண் எவ்வளவு வந்தாலும் ஏற்காதீர்கள்.

இப்போது தீக்கும் நூலகத்துக்கும் வருகிறேன். இந்த எபாக்ஸிகள் பெரும்பாலும் 60 முதல் 80 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கிவிடும். தீ பிடித்தால் சில நிமிடங்களில் பட்டை இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். யாராவது துளைபோட்டு அறுத்துவிட்டாலும் அதே கதைதான். அதனால் விதி ஒரு கதவைப் போட்டிருக்கிறது: பட்டை முழுவதும் போய்விட்டாலும், பழைய பீம் தனியாக, புதிய நிலைச்சுமையின் (கட்டடத்தின் சொந்த எடை) 1.1 மடங்கையும் புதிய பயன்பாட்டுச் சுமையின் (ஆட்கள், பொருட்கள்) 0.75 மடங்கையும் சேர்த்துத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் இந்த முறையே கூடாது. அப்புறம் ஒரு வரி: பயன்பாட்டுச் சுமை நீண்ட காலம் அப்படியே இருக்கக்கூடிய இடங்களில் 0.75 இல்லை, முழு 1.0 எடுக்க வேண்டும். அதற்கு விதி தரும் உதாரணங்களில் ஒன்று நூலகத்தின் புத்தக அடுக்குப் பகுதி. அலுவலகத்தில் ஆட்கள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவார்கள், புத்தகங்கள் போவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமெரிக்கச் சுமை விதிப்படி அலுவலகத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.4 கிலோநியூட்டன், புத்தக அடுக்கு அறைக்கு 7.2, வாசிப்பறைக்கு 2.9. தளத்தின் சொந்த எடையை 5 என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்கென்று அளவாகக் கட்டிய பீமின் திறன், 1.2 மடங்கு நிலைச்சுமை, 1.6 மடங்கு பயன்பாட்டுச் சுமை என்ற கணக்கில், 9.8. அடுக்கு அறைக்கு வேண்டியது 17.5. கிட்டத்தட்ட எண்பது சதவீதம் கூடுதல். பட்டையோ நம் உதாரணத்தில் பதினெட்டு சதவீதம்தான் தந்தது. அதைவிட முக்கியம், பட்டை போய்விட்டால் பழைய பீம் தனியாகத் தாங்க வேண்டியது 1.1 மடங்கு 5உம் 7.2உம் சேர்ந்து 12.7, இருப்பது 9.8. வாசலிலேயே தோற்றுவிடுகிறது. எத்தனை அடுக்கு கார்பன் ஒட்டினாலும் இந்தக் கதவு திறக்காது, ஏனென்றால் இந்தச் சோதனையில் கார்பனே இல்லை.

அடுக்கு அறை மேலேதான் வர வேண்டும் என்றால் வழி வேறு. பீமைச் சுற்றிக் கம்பி கட்டி கான்கிரீட் உறை போட்டுப் பருமனாக்கலாம். நடுவில் எஃகு பீமோ தூணோ கொடுத்து இடைவெளியைச் சுருக்கலாம். இடம் அடைக்கும், கனமும் கூடும், அஸ்திவாரத்தையும் சரிபார்க்க வேண்டும். ஆனால் கான்கிரீட் உறை தீயில் நிற்கும், இரண்டு வழியுமே தொய்வையும் குறைக்கும். கவரில் பள்ளம் வெட்டி அதற்குள் கார்பன் கம்பியைப் பதிக்கும் முறையும் இருக்கிறது. மூன்று பக்கமும் பிடி கிடைப்பதால் அறும் நீட்சியில் 70 சதவீதம்வரை கணக்கில் எடுக்கலாம். நல்ல முறை, கவர் கனமாக இருந்தால் நானும் பட்டையைவிட அதைத்தான் விரும்புவேன். ஆனால் அதற்கும் இதே கதவுதான்.

வாசிப்பறைக்குக் கணக்கு முழுக்க மாறுகிறது. வேண்டியது 10.6, இருப்பது 9.8, எட்டு சதவீதம் கூடுதல். பட்டை இல்லாத நிலைக்கான சோதனையில் 7.7 வேண்டும், இருப்பது 9.8, தாராளம். அங்கே ஒரு அடுக்குப் பட்டையும் முனைகளில் யு சுற்றும் போதும். பீம் துருப்பிடிக்காமல் இருந்து, ஷியரும் தேறினால், தயக்கமில்லாமல் செய்யலாம். ஆகவே கார்பனுக்குக் கையெழுத்திடும் முன் கட்டடத்தின் வரைபடத்தை எடுத்துவைத்து, புத்தக அலமாரிகள் எல்லாம் தரைத்தளத்துக்குப் போக முடியுமா, மேலே மேசையும் நாற்காலியும் மட்டும் இருக்க முடியுமா என்று பாருங்கள். தரைத்தளம் மண்ணில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எவ்வளவு புத்தகம் வைத்தாலும் எந்த பீமும் வளையாது.